ஆணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன்

(சித்தூரில் தமிழன்பர்கள் கூடிய அவையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது புராஸ்டேட் புற்றுநோய். அதிலும் குறிப்பாக, அந்த நோயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் செய்யும் வேலை. வாசலில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஈஸ்ட்ரோஜன்னா பொம்பளைங்க சமாச்சாரம் ஆச்சே டாக்டர், எங்களுக்கு எதுக்கு அது?" நியாயமான கேள்வி. எழுபது எண்பது ஆண்டுகளாக உலகத்துப் பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பதும் இந்தக் கேள்வியோடுதான்.

முதலில் ஒரு செய்தி சொல்கிறேன். அறுபத்தைந்து வயது கணவர், அறுபது வயது மனைவி. மனைவிக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகிவிட்டது. இருவர் இரத்தத்தையும் எடுத்து ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனின் அளவைப் பாருங்கள். யாருக்கு அதிகம் இருக்கும்? பெரும்பாலும் கணவருக்கு! ஆம், கணவருக்குத்தான். எங்கிருந்து வந்தது? அவருடைய டெஸ்டோஸ்டிரோனிலிருந்தே வந்தது. அரோமடேஸ் என்று ஒரு நொதி நம் கொழுப்பில் இருக்கிறது, தசையில் இருக்கிறது, மூளையில் இருக்கிறது. ஆண் ஹார்மோனை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகையால் இதைப் 'பெண் ஹார்மோன்' என்று ஒதுக்கிவைக்க ஓர் ஆணுக்கும் உரிமை கிடையாது.

புராஸ்டேட் எங்கே இருக்கிறது? சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு. நல்ல வயதில் இருபது கிராம் எடை. விந்துநீரில் ஒரு பங்கு அதன் சுரப்பு. வயது ஏற ஏறப் பல ஆண்களுக்கு அது பருக்கிறது; நீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது, இரவில் நாலு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. பருத்தால் எல்லாம் புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் சாதாரண வீக்கம்தான். ஆனால் சிலருக்குப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டு மட்டும் உலகத்தில் 14 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவின் பங்கு சுமார் 38,000. அமெரிக்காவை வைத்துப் பார்த்தால் குறைவுதான். ஆனால் நம் ஆயுள் கூடிக்கொண்டிருக்கிறது. லான்செட் இதழ் அமைத்த ஆணையம் 2024இல் சொன்ன கணக்கு: 2020இல் 14 லட்சமாக இருந்த ஆண்டுத் தொகை 2040இல் 29 லட்சமாகும், கூடுதல் சுமை விழப்போவது நம்மைப் போன்ற நாடுகளின் மேல்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

1941. சிகாகோ பல்கலைக்கழகம். சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர். மனிதனைப் போலவே வயதான காலத்தில் புராஸ்டேட் வீக்கம் வரும் பிராணி நாய். அவர் நாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். விதையை அகற்றினால் சுரப்பி சுருங்குவதைக் கண்டார். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் சுருங்குவதைக் கண்டார். எலும்பெல்லாம் புற்றுநோய் பரவிப் படுக்கையில் கிடந்த மனிதர்களுக்கு இதைச் செய்து பார்த்தால் என்ன? கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்ற இளைய மருத்துவரோடு சேர்ந்து செய்தார். வலியில் துடித்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நோயின் அளவைக் காட்டும் ஆசிட் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி இரத்தத்தில் ஏறியிருந்தது, அது இறங்கியது. புற்றுநோய் தன் போக்கில் கண்ணை மூடிக்கொண்டு வளரும் சங்கதி என்று நினைத்திருந்த காலம் அது. இல்லை, அதுவும் ஒரு ஹார்மோனை நம்பித்தான் வாழ்கிறது என்று ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு.

அவர் கையாண்ட ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து எது? டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் செயற்கையாகச் செய்தது. டாட்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம். விலை மலிவு. வாயில் போட்டுக்கொள்ளும் மாத்திரை. உலகமெங்கும் பரவியது.

பரவியதோடு ஆபத்தும் பரவியது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 1960இல் தொடங்கிப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தின. நாளுக்கு 5 மில்லிகிராம் டி.இ.எஸ். விழுங்கிய நோயாளிகள் புற்றுநோயால் சாவது குறைந்தது. நல்லதுதானே? இல்லை! அவர்களில் பலர் மாரடைப்பாலும் இரத்தக் கட்டியாலும் இறந்துபோனார்கள். நோயிடமிருந்து காப்பாற்றிய மருந்தே இதயத்தை அடித்தது. ஏன்? வாய் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போகிறது. அங்கே இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை அதிகமாகச் சுரக்கவைக்கிறது. இந்தக் காரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1971இல் மூளை சுரக்கும் எல்.எச்.ஆர்.எச். என்ற கட்டளை ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷால்லியின் குழு கண்டுபிடித்தது. அதன் வழியில், விதைக்குப் போகும் கட்டளையை நிறுத்தும் லியூப்ரோலைடு ஊசி வந்தது. 1985இல் அமெரிக்கா அனுமதித்தது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அலமாரியின் பின்வரிசைக்குப் போனது. புராஸ்டேட் புற்றுநோய் என்றால் ஆண்ட்ரோஜன், அதாவது ஆண் ஹார்மோன்; ஆண்ட்ரோஜன் என்றால் புராஸ்டேட் புற்றுநோய். பாடப்புத்தகம் இப்படி ஆகிப்போனது. நானும் அப்படித்தான் படித்தேன்.

ஆனால் நண்பர்களே, அதே சிகாகோவில், ஹக்கின்ஸ் தலைமை தாங்கிய அதே ஆராய்ச்சிக்கூடத்தில், எல்வுட் ஜென்சன் என்ற வேதியியலர் வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்மோன் உடம்பெங்கும் இரத்தத்தில் ஓடுகிறது. சில உறுப்பு மட்டும் ஏன் அதன் பேச்சைக் கேட்கிறது? கதிரியக்க ஹைட்ரஜனை ஈஸ்ட்ரடையாலில் பொருத்தி எலிகளுக்குள் செலுத்தினார். கருப்பையில் அது தங்கியது. தசையில் தங்காமல் ஓடிவிட்டது. கருப்பைச் செல்லுக்குள் அதைப் பிடித்துவைக்கும் ஒரு புரதம் இருக்க வேண்டும். அதுதான் ஏற்பி. 1958இல் வியன்னா மாநாட்டில் இதை அறிவித்தார். கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் மூவர் அதே அமர்வில் பேச வந்தவர்கள். இன்று இந்த மண்டபத்தில் நின்றுகொண்டிருப்பவர்களையும் சேர்த்தால் ஜென்சனுக்குக் கிடைத்ததைவிட எத்தனையோ மடங்கு பெரிய அவை எனக்குக் கிடைத்திருக்கிறது!

ஜென்சன் கண்ட ஏற்பியின் மரபணு 1986இல் படியெடுக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரே ஏற்பி, கதை முடிந்தது என்று உலகம் நினைத்தது. முடியவில்லை. 1996இல் ஸ்வீடனில், கரோலின்ஸ்கா நிலையத்தில், யான்-ஓகே குஸ்டாஃப்சன் குழுவினர் இரண்டாவது ஏற்பி ஒன்றைக் கண்டார்கள். எந்த உறுப்பில் கண்டார்கள்? மார்பகத்திலா? இல்லை. கருப்பையிலா? இல்லை. எலியின் புராஸ்டேட்டில்! ஈஸ்ட்ரோஜனின் இரண்டாவது ஏற்பி முதன்முதலில் கண்ணில் பட்டது ஓர் ஆண் சுரப்பியில். வாசலில் கேள்வி கேட்ட ஐயாவுக்கு இதைவிடச் சிறந்த பதில் எனக்குத் தெரியாது.

பழையதற்கு ஆல்பா என்று பெயர் வைத்தார்கள், புதியதற்கு பீட்டா. இரண்டும் வெவ்வேறு மரபணுவிலிருந்து வருபவை; ஆல்பாவின் மரபணு ஆறாவது குரோமோசோமில், பீட்டாவின் மரபணு பதினான்காவதில். ஒரு வீட்டுக்கு ஒரே கடிதம் வருகிறது, படித்துச் செயல்படுகிறவர்கள் இருவர் என்று வையுங்கள். அண்ணன் கையில் கிடைத்தால் "வளர், பெருகு" என்று ஆட்களை ஏவுகிறான். தம்பி கையில் கிடைத்தால் "போதும், நிறுத்து" என்கிறான். கடிதத்தில் எழுத்து மாறவில்லை. படிப்பவன்தான் மாறினான். புராஸ்டேட்டில் ஆல்பா பெரும்பாலும் தாங்கு திசுவில் இருக்கிறது. வீக்கத்தையும் செல் பெருக்கத்தையும் தூண்டுகிறது. பீட்டா இருப்பதாகச் சொல்லப்படுவது சுரப்பியின் உள்வரிச் செல்களில், புற்றுநோய் கிளம்புகிற அதே இடத்தில். அது பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது.

இதில் இன்னொரு வியப்பு. டெஸ்டோஸ்டிரோன் புராஸ்டேட்டுக்குள் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியமான வடிவம் எடுக்கிறது. அது சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், ஈஸ்ட்ரோஜனாகவே மாறாமல், நேரே பீட்டா ஏற்பியில் போய் அமர்கிறது. ஆண் ஹார்மோன் தன் வேலை முடிந்ததும் தன்னையே அடக்கும் ஆளைத் தட்டி எழுப்புகிறது! இயற்கை எவ்வளவு நுணுக்கமாகத் தராசு பிடிக்கிறது!

இதற்குச் சான்று என்ன? எலிச் சான்று இருக்கிறது. சுண்டெலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரடையாலும் சேர்த்துக் கொடுத்தால் புராஸ்டேட்டில் புற்றுநோய் வருகிறது. ஆல்பா ஏற்பி இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்கு அதே கலவையைக் கொடுத்தார்கள். வரவில்லை. 2008இல் வெளியான ஆய்வு இது. அதே 2008இல் மனிதச் செல்களிலிருந்தும் ஒரு சான்று கிடைத்தது. அதற்கு மூன்றாண்டு முன்னால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. புராஸ்டேட் புற்றுநோய்கள் பலவற்றில் இரண்டு மரபணுக்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொள்கின்றன. ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட ஒரு மரபணுவின் தலைப்பகுதி, வளர்ச்சியைத் தூண்டும் இன்னொன்றின் உடலோடு சேர்ந்துவிடுகிறது. சின்னையன் என்ற பேரைக் கேட்டதும் நம் ஆள் என்று காது நிமிர்கிறது அல்லவா? 2008இல் சுனிதா செட்லூர் முதலானோர் இந்த ஒட்டு மரபணுவைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஆல்பாவைத் தூண்டினால் அதன் உற்பத்தி ஏறியது. பீட்டாவைத் தூண்டினால் இறங்கியது. அண்ணனும் தம்பியும் எதிரெதிர் திசையில் இழுப்பது மனிதப் புற்றுநோய்ச் செல்லிலும் தெரிந்தது.

இத்தோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் அழகுக்காக உண்மையை வெட்டக்கூடாது. நோய் தொடங்கும் கட்டத்தில் பீட்டா குறைகிறது என்றார்கள் பலர். எலும்புக்கும் நிணநீர் முடிச்சுக்கும் பரவிய கட்டியைப் பார்த்தால் அங்கே பீட்டா மீண்டும் தலைகாட்டுகிறது. பீட்டாவின் மாற்று வடிவங்கள் சில, நோய் பரவ உதவுவதாகவும் தெரிந்தது. தம்பி எப்போதும் நல்லவன் என்று சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது. 2017இல் இன்னொரு பேரிடி. பீட்டாவைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்கூடங்கள் இருபது ஆண்டாகப் பயன்படுத்திய ஆன்டிபாடிகள் பலவும் வேறு புரதங்களைப் பிடித்துக்கொண்டு பீட்டா என்று காட்டியிருக்கின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். முன்பு வந்த கட்டுரைகளில் எத்தனை நிற்கும், எத்தனை விழும் என்று இன்றும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். மாணவர்களே, இதை உங்களுக்காகச் சொல்கிறேன். சாயம் ஏறிய சிலைடைப் பார்த்ததும் நம்பாதீர்கள். சாயம் எதில் ஏறியது என்று கேளுங்கள்.

மருந்தும் ஒரு முறை கைவிட்டது. ஆல்பாவை அடைத்துவிட்டால் நோய் வராமலே தடுக்கலாமே என்று, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு டோரிமிஃபீன் கொடுத்து மூன்று ஆண்டு பார்த்தார்கள். பலன் இல்லை. சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் பீட்டாவை அதிகம் நாடுகிறது. ஆகவே சோயா சாப்பிட்டால் நல்லது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அறுவைக்குப் பிறகு நோய் திரும்புமோ என்ற அச்சம் உள்ளவர்களுக்குச் சோயாப் புரதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. திரும்புவது குறையவில்லை. ஆகையால் சோயாப் பொடி டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். நம் ராகிக் களியும் கீரையும் வேர்க்கடலையும் உங்களுக்குப் போதும்.

"அப்படியானால் இந்த ஏற்பிப் படிப்பால் எங்கள் ஊர் மனிதனுக்கு என்ன பயன்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். என் பேச்சின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

எலும்பு! எலும்பில்தான் பயன்.

1994இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் இளைஞரைப் பற்றிய கட்டுரை வந்தது. வயது 28. உயரம் 204 சென்டிமீட்டர். இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார். எலும்பின் வயது பதினைந்து. எலும்பின் உறுதியோ கிழவருடையது. டெஸ்டோஸ்டிரோன் அளவு சரியாக இருந்தது. பின் என்ன குறை? பிறவியிலேயே அவருக்கு ஆல்பா ஏற்பி வேலை செய்யவில்லை. ஆணின் எலும்பை முதிரவைப்பதும் கெட்டியாக வைத்திருப்பதும் ஈஸ்ட்ரோஜன் என்று ஒரே ஒரு மனிதரின் உடம்பு உலகத்துக்குச் சொல்லிவிட்டது. புராஸ்டேட்டில் நாம் பயப்படுகிற அதே ஆல்பாதான் எலும்பில் நம் காவலன்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். குப்பம் பக்கம் ஒரு கடலை விவசாயி என்று வைத்துக்கொள்வோம். எழுபது வயது. இடுப்பு வலி ஆறு மாதமாக. தைலம் தேய்த்தார். மகன், "நைனா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்றால், "வயசானா வலிக்காதா" என்றார். நீர் சரியாகப் பிரியவில்லை என்பதை வீட்டில் சொல்லவே இல்லை, வெட்கம். கடைசியில் மருத்துவமனைக்கு வரும்போது, புராஸ்டேட் நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற இரத்த அளவு நூற்றுக்கணக்கில் நிற்கிறது, முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நோய் பரவியிருக்கிறது. என்ன சிகிச்சை? மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்று வாழ்நாளெல்லாம் போட வேண்டும். அல்லது விதையை எடுத்துவிடும் சிறிய அறுவை, ஒரே செலவோடு முடிந்துவிடும். நம் நாட்டில் பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நல்ல சிகிச்சை. ஹக்கின்ஸ் காட்டிய வழி. நோய் அடங்குகிறது. வலி குறைகிறது.

ஆனால் டெஸ்டோஸ்டிரோன் போனால் கூடவே என்ன போகிறது? சொல்லுங்கள்! ஈஸ்ட்ரோஜனும் போகிறது. மூலப்பொருள் இல்லாமல் அரோமடேஸ் எதை மாற்றும்? ஈஸ்ட்ரோஜன் போனால் எலும்பு கரைகிறது. உடம்பு திடீர் திடீரென்று தீயாகக் கொதித்து வேர்த்து ஊற்றுகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்லாமல் தாங்குகிற அதே கொதிப்பு. ஈராண்டு கழித்து ஒரு நாள் வரப்பில் கால் தவறுகிறது, தொடை எலும்பு ஒடிகிறது.

ஒடிந்தால் நம்மவர்கள் எங்கே போவார்கள்? புத்தூர் கட்டுக்கு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள். தலைமுறை தலைமுறையான கைத்திறமை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஓங்கி விழாமல் ஒடிந்த எலும்புக்கு, லேசாகத் திரும்பியதில் ஒடிந்த எலும்புக்குக் கட்டுக்கு முன்னால் காரணம் வேண்டும். அறுபது தாண்டிய ஆணுக்கு அப்படி ஒடிந்தால் எக்ஸ்ரேயோடு ஒரு பி.எஸ்.ஏ. பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர் என்றால், சிகிச்சை தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியைப் பாருங்கள். கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பைக் காக்கும் ஊசி. இவை ஆடம்பரம் அல்ல. சிகிச்சையின் ஒரு பாதி.

இன்னொரு கதவும் திறந்துகொண்டிருக்கிறது. ஈரலைப் பற்றிச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? வாய் வழியாகப் போனதால்தானே ஈரலைத் தாக்கியது? தோல் வழியாகக் கொடுத்தால்? பிரிட்டனில் 2006இல் தொடங்கிய 'பேட்ச்' ஆய்வு இதைத்தான் கேட்டது. ஊசிக்குப் பதில் ஈஸ்ட்ரடையால் பட்டையைத் தோலில் ஒட்டினார்கள். மூளை அதைப் பார்த்துவிட்டு விதைக்குப் போகும் கட்டளையை நிறுத்தியது, டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. இதய நோயும் இரத்தக் கட்டியும் ஊசி போட்டவர்களைவிடக் கூடவில்லை என்று 2021இல் அறிவித்தார்கள். நோய் தொலைவுக்குப் பரவாத நோயாளிகளிடம் நோயை அடக்குவதிலும் பட்டை ஊசிக்குச் சளைக்கவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். உடல் கொதிப்பு ஊசிக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு. பட்டைக்காரர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு. எலும்பும் நிலைத்தது. குறை உண்டு, மார்பு வீங்குவது பட்டையில் அதிகம். அதையும் மறைக்காமல் நோயாளியிடம் சொல்ல வேண்டும். கடையில் போய்த் தானாக வாங்கி ஒட்டிக்கொள்ளும் பொருளும் அன்று. மருத்துவர் அளவு பார்த்துத் தர வேண்டியது. ஆனால் எண்பது ஆண்டுக்கு முன் வந்து, ஆட்களைக் கொன்றதால் விரட்டப்பட்ட ஈஸ்ட்ரோஜன், வழியை மாற்றிக்கொண்டு மருத்துவத்துக்குத் திரும்பி வருகிறது என்பதைப் பார்க்கும்போது என் தொழிலின் மேல் எனக்கு மறுபடி நம்பிக்கை பிறக்கிறது.

நமக்கு வசதி இல்லை என்ற பேச்சு இங்கே செல்லாது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம், எல்லோரும் 'ஸ்விம்ஸ்' என்று சொல்கிறோமே, அது இருக்கிறது. அலிபிரிப் பக்கம் டாடா அறக்கட்டளையும் தேவஸ்தானமும் சேர்ந்து எழுப்பிய புற்றுநோய் மருத்துவமனை 2022இல் திறக்கப்பட்டது. எலும்புக்கென்றே 'பேர்ட்' மருத்துவமனை இருக்கிறது. சித்தூரில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் வேலூர் சி.எம்.சி. 1960இல் ஆந்திர-தமிழக எல்லை பிரித்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. நோயாளிக்கு அந்தக் கோடு என்றைக்கும் பெரிதாகப் பட்டதில்லை. தெலுங்கில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் இரண்டு ஊர் மருத்துவரும் புரிந்துகொள்கிறார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று. சொல்வதற்கு ஆணுக்கு வாய் வரவில்லை.

அதனால் தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரவில் எத்தனை முறை அவர் எழுந்து போகிறார் என்பது அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இடுப்பு வலியோடு அதுவும் சேர்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவர் ஹார்மோன் சிகிச்சை என்று சொன்னால், கணவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலும், நீங்கள் கேளுங்கள்: "எலும்புக்கு என்ன செய்யப்போறீங்க சார்? கொதிப்பு வந்தா யாரைப் பார்க்கணும்?" இந்த இரண்டு கேள்வியையும் அறைக்குள் நுழையும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

மணி எட்டாகிறது. நான் கீழே இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஒலிபெருக்கி இல்லாமல் பேசுவதுதான் இந்த விஷயத்துக்குச் சௌகரியம். சந்தேகம் இருப்பவர்கள் அருகே வாருங்கள், பரிசோதனைத் தாள் கையில் இருந்தால் எடுத்து வாருங்கள்.